மெழுகுவர்த்தி வகுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் உங்களிடம் இதைக் கேட்கலாம் என்று தோன்றியது. நாங்கள் திருப்பூர். என் தங்கைக்கு 31 வயது. பி.காம் முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இரண்டு வருடம் பில் போட்டாள். குழந்தை பிறந்த பிறகு முடியாமல் போய்விட்டது. மனச்சிதைவு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்; குழந்தை அங்கேதான் இருக்கிறது. ஆறு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறாள், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள். இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் பெண்களுக்கு மெழுகுவர்த்தி, பினாயில், பேப்பர் பை செய்யச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. விஷயத்தைச் சொன்னோம், பரவாயில்லை அனுப்புங்கள் என்றார்கள். 500 ரூபாய் கட்டியும்விட்டோம், திருப்பித் தரமாட்டார்களாம். கைவேலை ஏதாவது இருந்தால் மனசு வேறு பக்கம் போகாது என்பது அம்மாவின் எண்ணம். இந்த ஆறு வருடத்தில் அம்மா இவளைத் தனியாக விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. இவளோ "நான் என்ன எல்.கே.ஜி.யா, போகமாட்டேன்" என்கிறாள். பணத்துக்காக அவள் வேலைக்குப் போகவேண்டிய நிலைமை இல்லை, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவளுடைய ஏடிஎம் கார்டுகூட என்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது. வற்புறுத்தி அனுப்பலாமா? வேறு வேலைக்குப் போனால் நோயைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

ர.

*

அன்புள்ள தம்பிக்கு,

வற்புறுத்த வேண்டாம். இந்த ஆறு வருடத்தில் உங்கள் தங்கை எதையாவது வேண்டாம் என்று சொல்லி, அது செல்லுபடியானது எத்தனை தடவை என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு தடவையாவது செல்லட்டும்.

நான் மருத்துவர் இல்லை. என் அத்தைக்கு இதே நோய் இருந்தது. அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

எண்பதுகளில் அத்தை ஓரளவு தேறி வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. தையல் வகுப்பில் சேர்த்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு வேறு என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? அப்போது கொடுத்த மாத்திரைகளுக்குக் கை நடுங்கும். நடுக்கம் குறைய இன்னொரு மாத்திரை. அதைப் போட்டால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அத்தை ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்குவார். நுனி ஊசிக்காதுக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும். வீட்டில் இருந்தால் நான் கோத்துத் தருவேன், வகுப்பில் யார் கோப்பது? மூன்றாம் மாதம் டீச்சர், "இவங்களுக்கு இன்னும் புத்தி நிலைக்கலை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மருந்து செய்த வேலையை நோயின் கணக்கில் எழுதினார்கள். நாங்களும் நம்பினோம்.

அப்புறம் ஒரு வருடம் திண்ணைதான். ஒருநாள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, "உளுந்து புடைக்க ஆள் வேணும், வர்றியாம்மா?" என்று கேட்டார். தாத்தாவிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்கவில்லை, நேரே அத்தையிடமே கேட்டார். முறம் பிடிக்கிற கைக்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. பதினோரு வருடம் போனார்.

எனக்கு அந்த வேலையைவிட அவர்கள் இரண்டு பேரும் போட்ட சண்டைதான் அதிகம் நினைவிருக்கிறது. சனிக்கிழமை கூலியில் ஒண்ணேகால் ரூபாய் குறைந்தால் அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். வீட்டில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே "மாத்திரை போட்டியா?" என்று யாராவது கேட்டுவிடுவோம், நான் உள்பட. அண்ணாச்சி ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. "செவ்வாக்கிழமை அரைநாள் வரலைல்ல, அதைக் கழிக்க வேண்டாமா?" என்று பதிலுக்கு அவரும் கத்துவார். அத்தையை ஒரு ஆளாக மதித்துச் சண்டை போட்டது அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

அதனால் பயிற்சி என்று யாராவது சொன்னதும், முடித்தால் கூலி எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறேன். மெழுகுவர்த்தியை யாருக்கு விற்பது? கரண்ட் கட் காலமும் போய்விட்டது. சொந்தக்காரர்கள் நாலு பேர் பாவம் பார்த்து வாங்குவார்கள், அடுத்த வருடம் அவர்களும் வாங்கமாட்டார்கள். "மனசு வேறு பக்கம் போகாது" என்பதற்காகக் கொடுக்கிற வேலை, பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர்களின் நிம்மதிக்காகத்தான். அம்மாவின் மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர். மருந்தோடு தொழிலும் வேண்டும் என்பதை அவரைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லித்தான் நம் டாக்டர்கள் இன்று "வேலைக்குப் போகலாம்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் வேலையே மருந்து என்கிற பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. மனநல விடுதிகளில் நோயாளிகளைக் கூட்டவும் துவைக்கவும் சமைக்கவும் வைத்துவிட்டு, அதைச் சிகிச்சை என்று சொல்லிக் கூலி தராமல் விட்டது பல நாடுகளில் நடந்தது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் 20-ஆம் பிரிவில் இதைத் தடுக்கிறது: மனநல நிறுவனத்தில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தரவேண்டும். சட்டம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண் காலையில் எழுந்து வாசல் தெளித்து, எல்லோருக்கும் டிபன் கட்டி, துணி துவைத்துப் போட்ட பிறகும், "சும்மாதான் இருக்கா" என்று சொல்வது நம் வீடுகளில்தான். உங்கள் வீடு எப்படி என்று எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1990-களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் பயிற்சி, தேறினால் வேலை என்பதுதான் அதுவரை நடைமுறை. இவர்கள், அவர் விரும்புகிற வேலையில் முதலில் சேர்த்துவிடு, சம்பளம் மற்றவர்களுக்கு என்னவோ அதுவே, கற்க வேண்டியதை வேலையில் இருந்துகொண்டே கற்கட்டும், ஒரு துணையாள் கூடவே இருக்கட்டும் என்றார்கள். பல நாடுகளில் சோதித்ததில் இந்த வழியில்தான் அதிகம் பேர் வேலையில் அமர்ந்தார்கள். எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்லமாட்டேன். 1993-இல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் அலைந்ததால் அழைத்துவந்த பெண்களுக்குத் திரும்பிப் போக வீடே கிடையாது. அங்கே நாலைந்து பேராக ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து குடியிருந்து, கடைக்குப் போய், சமைத்துச் சாப்பிடுவதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் தங்கைக்கு வீடும் இருக்கிறது, தொழிலும் தெரியும். இல்லாதது அந்தத் துணையாள்தான். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பில் போட்டவர் என்கிறீர்கள். அவர் விட்ட இடத்துக்கும் இன்றைக்கும் நடுவே நிறைய மாறிவிட்டது. 2023 ஆகஸ்டிலிருந்து வருடத்துக்கு 5 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிற கம்பெனிகள் மற்ற கம்பெனிகளுக்குப் போடுகிற பில்லுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது அரசு இணையதளத்தில் பதிகிற பில், கட்டாயம். சரக்கு அனுப்பப் போடுகிற இ-வே பில், கணக்கு எழுதுகிற டேலி மென்பொருள் எல்லாம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும். பயிற்சி என்றால் அவருக்கு அதுதான். அதுகூட வேலை பேசிய பிறகு போதும். முதல் மூன்று மாதம் அரைநாள் கேட்டுப் பாருங்கள். ஷிப்மெண்ட் நேரத்தில் திருப்பூர் ஆபீசுகளில் ராத்திரி பத்து மணிவரை உட்கார வைப்பார்கள், தூக்கம் கெடுவதுதான் இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. அப்புறம், இரவு மாத்திரையின் அசதி காலையில் எத்தனை மணிவரை இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும், நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

சொல்லவேண்டுமா என்ற கேள்விக்கு: யாருக்குச் சொல்வது என்பதைத் தங்கைதான் முடிவு செய்யவேண்டும். என்னைக் கேட்டால், நேரத்தையும் லீவையும் முடிவு செய்கிற ஒரே ஒருவருக்கு, "மாத்திரை சாப்பிடுகிறேன், ராத்திரி வேலை ஆகாது, மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரி போகணும்" என்கிற அளவுக்குச் சொன்னால் போதும். நோயின் பெயர் தேவையில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்து அரசு வேலைக்கு முயலலாமா என்று யாராவது சொல்வார்கள். 2016-ஆம் வருடச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீதத்தில் ஒரு சதவீதத்தை மனநோயர்களும் ஆட்டிசம் போன்ற வேறு சில பிரிவினரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்கவேண்டும். அதை அளக்கிற ஐடியாஸ் அளவுகோலில் வேலைக்குப் போகிறாரா என்பதும் ஒரு கேள்வி. நன்றாக இருந்தால் மதிப்பெண் குறையும், சான்றிதழ் கிடைக்காது. இருந்தாலும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

கார்டு விஷயம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த இடத்திலேயே கண் நின்றுவிட்டது. நோய் முற்றியிருந்த சமயத்தில் வாங்கி வைத்திருப்பீர்கள், அது சரிதான். நன்றாகி இரண்டு வருடம் ஆனபிறகும் உங்கள் பர்ஸில் ஏன் இருக்கிறது? முதல் சம்பளம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே கொடுங்கள். பின் நம்பரை அவரே மாற்றிக்கொள்ளட்டும், உங்களிடம் சொல்லவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கண்டதை வாங்குவார். என் அத்தை ஒரே மாதிரிக் கண்ணாடி வளையலாக வாங்கித் தள்ளினார், போட்டுக்கொள்ளவும் மாட்டார். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. பிடிக்காமலே இருந்தோம்.

வகுப்புக்குக் கட்டிய 500 ரூபாய் திரும்ப வராது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்துக்கு அம்மாவை அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவரும் வெளியே போய் ஆறு வருடம் ஆகிறது.