வாசகர் கேள்விகள்: சக காவலரின் மௌனம்

கேள்வி: என் தம்பி காவல்துறையில் பணிபுரிகிறான்; யாரிடமும் கை நீட்டாதவன். காவல் நிலையத்தில் யாரோ ஒரு சிலர் செய்யும் அட்டூழியத்துக்காக ஊரே மொத்தக் காவல்துறையையும் திட்டும்போது மனம் நோகிறது. இது முறைதானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்)

பதில்: தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும், அடிப்பவர்கள் சிலராக இருந்தாலும் அதை மறைப்பதற்குப் பலர் வேண்டியிருக்கிறார்கள் என்பதால்தான் மக்களின் கோபம் அந்தச் சிலரோடு நின்றுவிடுவதில்லை.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் பிடித்துச் சென்றார்கள். மகன் 22ஆம் தேதி இரவிலும் தந்தை மறுநாள் காலையிலும் உயிரிழந்தார்கள். லத்தி பிடித்த கைகள் சிலருடையவைதாம். ஆனால், இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. அரசு மருத்துவர் உடல்தகுதிச் சான்று கொடுத்தார். நீதித்துறை நடுவர் சிறைக்கு அனுப்ப உத்தரவிட்டார். நிலையத்தின் கேமராப் பதிவுகளோ, சேமிக்கப் போதிய இடம் இருந்தும், தினந்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவரையே அங்கிருந்த காவலர்கள் அவமதித்தார்கள். லத்திகளை ஒப்படைக்க மறுத்து இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்த நிலையத்தை வருவாய்த்துறையினரின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது.

அதே நிலையத்தில் ஒரு பெண் தலைமைக் காவலரும் பணியில் இருந்தார். இருவரையும் விடிய விடிய அடித்ததையும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை படிந்திருந்ததையும் நடுவரிடம் சொன்னவர் அவர்தான். சொன்னவர், வாக்குமூலத்தில் கையெழுத்திட அஞ்சினார். பாதுகாப்புக்கு உறுதி கிடைத்த பிறகே கையெழுத்திட்டார். கண்ணால் கண்டதைச் சொல்ல, சீருடை அணிந்த ஒருவரே சக காவலருக்கு அஞ்ச வேண்டியிருந்தது என்பது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இந்த அச்சம் ஒரு நிலையத்தோடு முடிவதன்று. காவல் சித்திரவதை வழக்குகளில் நேரடிச் சாட்சி அரிதாகவே கிடைக்கிறது என்றும், சகோதர உணர்வால் கட்டுண்ட காவலர்கள் வாய் திறக்காமல் இருப்பதோடு சக ஊழியரைக் காப்பாற்ற உண்மையைத் திரிக்கவும் செய்கிறார்கள் என்றும் உச்ச நீதிமன்றம் 1995இலேயே, மத்தியப் பிரதேச வழக்கொன்றில் வருந்தியது. ஆனால் அதைச் சகோதர உணர்வு என்று மட்டும் சொல்வது போதாது என்பது என் கருத்து. விடுப்பு, இடமாறுதல், மெமோ எல்லாமே மேலதிகாரியின் கையில் இருக்கும்போது, மனசாட்சியுள்ள காவலருக்கும் மௌனமே பிழைப்புக்கு வழியாகிவிடுகிறது. தங்கள் தம்பியைப் போன்றவர்கள் அஞ்சாமல் சாட்சி சொல்ல அரசு வழி செய்யாதவரை, அவர்களுடைய நேர்மை ஊர்க்கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

கேள்வி: காவலர் மீது புகார் கொடுக்கக் காவல்துறைக்கு வெளியே இடமே இல்லையா?
(கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: இருந்திருக்க வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், மாநிலத்திலும் மாவட்டங்களிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் காவல் புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரையும் மாநில ஆணையத்தின் உறுப்பினராக்கியது. எந்தத் துறையின் மீது புகாரோ அந்தத் துறையே விசாரணை மேசையில் அமர்ந்திருந்தால், அடிபட்டவர் எந்த நம்பிக்கையில் அங்கே போவார்?

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்தை அணுகலாம். காவல் நிலையங்களின் கேமராப் பதிவுகளை, ஒலியோடு, 18 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும் என்றும், எந்த நிலையிலும் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே புகாரிலேயே நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவை வரவழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். எவ்வளவு விரைவில் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது.