சிகாகோவுக்குப் பெட்டி கட்டும் தம்பிக்கு

வேளச்சேரியிலிருந்து ஜனவரியில் சிகாகோவுக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: குளிர் உடுப்பு, குக்கர் எல்லாம் தி.நகரிலேயே வாங்கிவிடலாமா, அங்கே கடைகளில் தரும் கிரெடிட் கார்டை எடுக்கலாமா, வாடகை எவ்வளவு, விசாவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று.

வாடகையும் விசாவும் உங்கள் கம்பெனிக்காரர்களிடம் கேளுங்கள் தம்பி. என் காலத்து விவரம் இன்றைக்கு உதவாது. கடை விஷயம் கேட்டீர்களே, அதற்குச் சொல்கிறேன்.

ரங்கநாதன் தெருவில் எவ்வளவு கனமான ஸ்வெட்டரைக் காட்டினாலும் வாங்காதீர்கள். அது ஊட்டிக்குச் சரி. நான் 1984 கடைசியில் கிளம்பியபோது அப்பா மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு பழைய கம்பளி ஓவர்கோட் வாங்கித் தந்தார். (அடுத்த மே மாதம் அந்த மார்க்கெட்டே எரிந்துபோனது.) நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், 1985 ஜனவரி 20 அன்று, சிகாகோவில் மைனஸ் 27 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 33. அந்த ஊரில் இன்றுவரை அதைவிடக் குறைந்ததாகப் பதிவு இல்லை. வாசலைத் தாண்டியதும் மூக்குக்குள் முடி விறைத்தது. அப்பாவின் கோட்டு தெருமுனை வரைகூடத் தாங்கவில்லை.

கீழ்வீட்டில் ஒரு போலந்துக்கார அம்மா இருந்தார். என் நிலைமையைப் பார்த்துவிட்டு, தபாலிலேயே எல்லாம் விற்ற சியர்ஸ் என்ற கடையின் கேட்டலாகை, அதாவது பொருள் பட்டியல் புத்தகத்தை, கொண்டுவந்து கையில் வைத்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல், வழவழவென்று மெல்லிய தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே மேல்துணி என்ன, உள்ளே அடைத்திருப்பது என்ன, தபாலில் எத்தனை பவுண்டு எடை என்றுகூடப் போட்டிருந்தது. கை நீளத்தைப் பிடரியிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த அம்மாவே டேப்பை வைத்து அளந்து, போனில் ஆர்டர் சொல்லிவிட்டார். வாரப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வி.பி.பி.யில் வரவழைத்து, தபால்காரரிடம் பணத்தைக் கட்டிய பிறகே பார்சலைப் பிரித்துப் பழகியவர்கள் நாங்கள். பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ் என்று ஒரு கடை சொல்வதும், சொன்னபடி செய்வதும் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. போர்வை, பாத்திரம், பல்பு என்று அந்த ஊரில் குடித்தனம் செய்ய என்னென்ன வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் கற்றுக்கொண்டேன். 1908 முதல் 1940 வரை முழு வீட்டையே மரமும் ஆணியுமாக ரயிலில் அனுப்பியவர்கள் சியர்ஸ்காரர்கள். அந்தப் பெரிய கேட்டலாகை 1993ல் நிறுத்தினார்கள். மறு ஆண்டே அமேசான் தொடங்கியது! வாடிக்கையாளர் விலாசம், கிடங்கு, தபால் ஏற்பாடு எல்லாம் கையில் வைத்திருந்த கம்பெனி 2018ல் திவால் மனு போட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, கார்டுக்கு வருகிறேன். பில் போடும் இடத்தில் “இப்போதே எங்கள் கார்டு எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி” என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தக் கடை கார்டுகள் பலவற்றில் வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சோபா, டிவிக்கு “12 மாதம் வட்டி இல்லை” என்பது இன்னும் ஆபத்து. கெடு முடியும்போது 20 டாலர் பாக்கி இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டு மொத்த வட்டியையும் ஒரேயடியாக ஏற்றுவார்கள். என் அறையில் இருந்த கும்பகோணத்துக்காரர் ஒரு கட்டிலுக்காக இப்படி மாட்டி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை எடுத்துக் கட்டினார். நம் வீடுகளில் வி.ஜி.பி.யில் தவணைக்கு ரேடியோ வாங்கியிருப்பார்கள், அந்த நினைப்பில் போகாதீர்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர் என்ற பதிவு, அதாவது கடன் வரலாறு, வேண்டுமானால் வங்கியில் டெபாசிட் கட்டி ஒரு சாதாரண கார்டு எடுத்து, மாதாமாதம் முழுசாகக் கட்டுங்கள்.

இன்னொன்று. நம்மவர்களில் சிலர், குளிர்காலம் முழுக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு மார்ச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, அதைச் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். அவர்களோடு சேராதீர்கள். 1912ல் தபால் வியாபாரமாகத் தொடங்கிய எல்.எல்.பீன் என்ற அமெரிக்கக் கடை, எப்போது வேண்டுமானாலும் பொருளைத் திருப்பித் தரலாம் என்று வைத்திருந்தது. பலர் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் 2018ல் ஒரு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். நாணயமாக வாங்கினவனுக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

முடிந்தால் டவுன்டவுனில் ஸ்டேட் தெருவுக்குப் போங்கள். மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பெரிய கடை இருந்த கட்டடம், 2006லிருந்து மேசீஸ் என்ற கடை. பெயரை மாற்றியபோது ஊர்க்காரர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். எனக்கு இன்னும் அது ஃபீல்ட்ஸ்தான். உள்ளே அண்ணாந்து பார்த்தால் 1907ல் டிஃபனி என்ற கண்ணாடிக் கலைஞர் செய்த கூரை. சின்ன வயதில் அப்பாவோடு மவுண்ட் ரோடு பழைய ஸ்பென்சருக்குப் போவேன். அந்தச் செங்கல் கட்டடத்தில் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. ஆனாலும் அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவார். ஃபீல்ட்ஸில் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு மஃப்ளர் வாங்கினேன். மார்கழியில் மயிலாப்பூரில் அதைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார்.

நீங்கள் தெர்மல் உள்ளாடை, காது மூடும் குல்லாய், கையுறையோடு கிளம்புங்கள். விமான நிலையத்திலிருந்து யாராவது காரில் அழைத்துப்போக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த வாரமே முழங்கால் வரை இறங்கும், தலைமூடியுள்ள கோட்டு ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கிவிடுங்கள். ஜனவரியில் தள்ளுபடி இருக்கும். குக்கர், நம்மூர்க் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூவில் கிடைக்கும். மூக்குக்கண்ணாடி மட்டும் இரண்டு இங்கேயே செய்துகொண்டு போங்கள், அங்கே விலை கட்டுப்படியாகாது.