பரீட்சைக்குக் கண்விழிக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா? காபியைவிட அது கெடுதலா?

250 மில்லி ரெட் புல் டப்பாவில் சுமார் 75-80 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. திக்கான ஒரு கப் காபியிலும் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். ஆக, பயமுறுத்துவது காஃபீன் மட்டுமல்ல. கூடவே வரும் சுமார் 27 கிராம் சர்க்கரையும்தான். ஐந்தாறு ஸ்பூன்! வீட்டில் அப்படிக் காபி போட்டுக் கொடுத்தால் யாராவது குடிப்போமா?

இன்னொன்று, காஃபீன் சக்தி எதையும் தருவதில்லை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும். அது போய் உட்காரும் இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். களைப்பு அப்படியே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் சுமார் பாதி உடம்பிலேயே இருக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்தால் மூன்று மணிக்குப் படுத்தாலும் சரியான தூக்கம் வராது. படித்தது மனதில் பதிய அந்தத் தூக்கம் வேண்டும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பரவாயில்லை என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. கர்ப்பிணிகளுக்கு 200 என்பது பொதுவான வரம்பு. குழந்தைகளுக்கு வேண்டாம் என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஐரோப்பிய நாடான லித்துவேனியா 2014-இல் 18 வயதுக்குக் கீழே விற்கவே தடை போட்டுவிட்டது.

படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். மதுவோடு கலப்பது இன்னும் மோசம்: போதை ஏறியிருப்பதே தெரியாமல் மேலும் குடிக்க வைத்துவிடும்.