பேரரசின் கவாத்துத் திடல்: வாசகர் கேள்வி–பதில்

விண்வெளிப் பேரரசுகளைப் பற்றிய புனைகதைகளில் படைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் பெறும் அடிப்படைப் பயிற்சி குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் இயற்பியல் மாணவி. விண்வெளிப் பேரரசு ஒன்றின் படையில் சேரும் இளைஞனைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கோளுக்குக் கோள் தாவும் நாகரிகத்தில்கூடப் புதிய வீரர்கள் சேற்றில் ஓடுவதும் போர்வை மடிப்பதும் வரிசையில் நின்று கவாத்துப் பழகுவதும் பொருந்துமா? வேண்டிய அறிவை ஒரே நாளில் மூளையில் ஏற்றிவிடலாமே? பயிற்சிப் பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிடுவோம் என்கிறார்கள் என் நண்பர்கள். (திருநெல்வேலி வாசகி)

பதில்: அறிவை ஏற்றிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அடிப்படைப் பயிற்சியின் முதன்மை நோக்கம் அறிவு தருவது அன்று. ஒருவரையொருவர் அறியாத நூறு பேரை, ஒருவனுக்காக மற்றவன் நின்று போரிடும் ஒரே குழுவாக மாற்றுவதே அதன் வேலை. அது உடலின் வழியாகத்தான் நடக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் மாரிஸ் இளவரசர், துப்பாக்கிக்கு மருந்து இட்டுச் சுடும் செயலைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் ஆணைச்சொல் வைத்துத் தம் வீரர்களைப் பழக்கினார். 1607-இல் வெளிவந்த படக் கையேடு ஒன்று அந்த அசைவுகளை 40-க்கும் மேற்பட்ட நிலைகளாக வரைந்து காட்டுகிறது. சுடுவதற்காகத் தோன்றிய அந்தப் பழக்கம், துப்பாக்கிகள் முற்றிலும் மாறிப்போன பிறகும் ஏன் நீடித்தது என்பதற்கு வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்னீல் தம் சொந்த அனுபவத்திலிருந்தே விடை தேடினார். 1941-இல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு டெக்ஸாஸுக்கு அனுப்பப்பட்ட அவருடைய பிரிவில் பழகுவதற்குப் போதிய ஆயுதங்களே இல்லை. ஆகவே புழுதித் திடலில் மணிக்கணக்காகக் கவாத்து மட்டும் நடந்தது. பயனற்றது என்று தாம் நினைத்த அந்த நடையின்போது, தம்மைவிடப் பெரிய ஏதோ ஒன்றாகத் தாம் விரிவதைப் போன்ற இனம்புரியாத நிறைவு தம்முள் எழுந்ததை அவர் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவுகூர்ந்து எழுதினார். பலர் சேர்ந்து ஒரே தாளத்தில் அசைவதால் பிறக்கும் அந்தப் பிணைப்பை எந்தக் கருவியாலும் ஒரு நாளில் ஏற்ற முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

ராபர்ட் ஹைன்லைன் இதை அறிந்திருந்தார். 1959-இல் வெளியான அவருடைய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில், ஒரு தாவலில் கட்டடங்களைக் கடக்கவைக்கும் கவச உடைதான் காலாட்படை வீரனின் முதன்மை ஆயுதம். ஆயினும் கேம்ப் கரி என்னும் பயிற்சி முகாமில் அந்த உடையைத் தொடுவதற்கு நெடுநாள் முன்பே வீரர்கள் கூடாரங்களில் குளிரில் நடுங்குகிறார்கள். வெறுங்கையால் சண்டையிடவும் கத்தி எறியவும் பழகுகிறார்கள். பின்னர் உடுதுணிகூட இல்லாமல் கனடாவின் மலைக்காட்டில் இறக்கிவிடப்பட்டு 40 மைல் கடந்து வருகிறார்கள். முகாமில் சேர்ந்த 2009 பேரில் தேறியவர்கள் 187 பேர் மட்டுமே. 14 பேர் இறந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் விலகியோ விலக்கப்பட்டோ மாற்றப்பட்டோ போகிறார்கள்.

உங்கள் கதைக்கு இந்த எண்ணிக்கை மிக முக்கியம். பேரரசு எத்தனை பேரைச் சேர்க்கிறது, எத்தனை பேரைக் கழிக்கிறது, கழிக்கப்பட்டவர்களை என்ன செய்கிறது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சி அத்தியாயத்தின் மற்ற எல்லாமும் அதிலிருந்து வரும். அதைத் தீர்மானிக்காமல் எழுதினால் சேறும் ஓட்டமும் வெறும் அலங்காரமாகிவிடும்; உங்கள் நண்பர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்வதிலும் நியாயம் இருக்கும்.

கேள்வி: இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, புதிய வீரர்களுக்குப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவன் நான். கதைகளிலும் படங்களிலும் வரும் உஸ்தாத்கள் (படைப் பயிற்சியாளர்கள்) எல்லாரும் கத்துகிறார்கள், அடிக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள். எங்களுக்கும் இரவுகளில் தூக்கம் கெட்டது என்பதை யாராவது எழுதியிருக்கிறார்களா? (வேலூர் வாசகர்)

பதில்: எழுதியிருக்கிறார்கள் ஐயா. மேலே சொன்ன நாவலிலேயே அத்தகைய ஓர் இடம் உண்டு. என் கணிப்பில் அந்நூலின் மிகச் சிறந்த பகுதியும் அதுதான்.

சார்ஜென்ட் ஜிம் என்னும் பயிற்சியாளர், தொடக்கப் பக்கங்களில் நீங்கள் குறிப்பிடும் வகையைச் சேர்ந்தவராகவே தோன்றுகிறார். ஒருநாள் பயிற்சி வீரன் ஒருவன் ஆத்திரத்தில் அவரை அடித்துவிடுகிறான். அதைக் கேப்டன் முன்னிலையில் அவனே வாய்விட்டுச் சொல்லியும்விடுகிறான். மேலதிகாரியை அடித்தது இராணுவ நீதிமன்றத்துக்குரிய குற்றமாகையால், பத்துச் சவுக்கடியும் படைநீக்கமும் அவனுக்குத் தண்டனையாகின்றன. அதன்பின் சார்ஜென்டும் கேப்டனும் தனிமையில் பேசிக்கொள்வதைக் கதைநாயகன் ரிக்கோ தற்செயலாகக் கேட்கிறான். அந்த அடியைத் தாம் தடுத்திருக்க வேண்டும் என்றும், தடுத்திருந்தால் அவனுடைய வாழ்க்கை பாழாகியிருக்காது என்றும் சார்ஜென்ட் குமைந்துகொண்டிருக்கிறார். இரும்பால் ஆனவர் என்று தான் எண்ணியிருந்த மனிதர் தங்களுக்காக இவ்வளவு வருந்துகிறார் என்பதை ரிக்கோ அன்றுதான் அறிகிறான். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட கூச்சமும் அவனுக்கு ஏற்படுகிறது.

அதே ஜிம்தான், அணுகுண்டு இருக்கும் காலத்தில் கத்தி எறியப் பழகுவது எதற்கு என்று கேட்ட வீரனுக்கு, சொல்பேச்சுக் கேளாத குழந்தையைத் திருத்தக் கோடரியை எடுப்பாயா என்ற பொருளில் பதில் சொல்லி, போர் என்பது அளவோடு செலுத்தப்படும் வன்முறை என்று விளக்குகிறார். 1997-இல் வந்த திரைப்படத்தில் இதே கேள்விக்குச் சார்ஜென்ட், கேட்டவனின் கையில் கத்தியை எறிந்து பதில் சொல்கிறார். நாவலின் ஆசிரியர் வார்த்தைகளால் காட்டிய பொறுமையைப் படம் எடுத்துவிட்டது. உங்களைப் போன்றவர்களுக்கு அது வருத்தம் தருவதில் வியப்பில்லை.

பயிற்சியாளரின் கண்டிப்பு எங்கே எல்லை மீறுகிறது என்பதற்கு வரலாற்றிலேயே துயரமான சான்று இருக்கிறது. 1956 ஏப்ரல் 8 அன்று இரவு, அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் முகாமில், தன் பிரிவுக்கு ஒழுங்கு கற்பிக்க நினைத்த ஒரு பயிற்சியாளர் புதிய வீரர்களை இருட்டில் ரிப்பன் கிரீக் என்னும் கழிமுகத்து ஓடையில் இறக்கி நடக்கவைத்தார். 6 இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அவர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பயிற்சியாளர்களை மேற்பார்வையிடும் முறையும் மாற்றியமைக்கப்பட்டது. அந்த நாவல் வெளியானது இதற்கு மூன்றே ஆண்டுகளுக்குப் பிறகு. உஸ்தாதைக் கண்காணிக்க ஒரு கேப்டன் இருக்கிறாரா, அந்தக் கேப்டன் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டாத கதை, முகாமைப் பாதியளவே காட்டுகிறது.

கேள்வி: நகல் மனிதர்களை உருவாக்கிப் படை திரட்டும் பேரரசுக்குப் பயிற்சி எதற்கு? (ஈரோடு வாசகர்)

பதில்: 2002-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், காமினோ கோளில் ஒரே மனிதனின் நகல்களாக வீரர்கள் வளர்க்கப்படுகிறார்கள். அவர்களுடைய வளர்ச்சி விரைவுபடுத்தப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்காமல் ஆணைக்குப் பணியும்படி மரபணுவும் திருத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவர்கள் சிறுவயது முதலே பாடம் படிப்பதையும் அணிவகுப்பதையும் படம் காட்டுகிறது. எந்திர வீரர்களைவிட இவர்கள் மேல், ஏனெனில் சூழலுக்கேற்பத் தாமாகச் சிந்திப்பார்கள் என்றுதான் அவர்களை உருவாக்கியவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். பணிவைக் கருவிலேயே கொடுத்துவிடலாம். நிதானத்தை வளர்த்துத்தான் ஆகவேண்டும்.

கேள்வி: 'ட்யூன்' நாவலின் சர்தௌகர் படையைப் பற்றிப் படித்தேன். கொடுமையில் வளர்ந்தவன்தான் சிறந்த வீரனாவான் என்பது உண்மையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட அந்த நாவலைப் பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். அவர் சொல்வது வேறு என்பது என் உறுதியான கருத்து.

சர்தௌகர் என்போர் பேரரசரின் தனிப்படையினர். அவர்கள் வளர்ந்த சூழல், 13 பேரில் 6 பேரைப் பதினொரு வயதுக்குள் கொன்றுவிடும் அளவுக்குக் கொடியது என்று நாவலின் பின்னிணைப்பு கூறுகிறது. பேரரசின் சிறைக்கோளான சலூசா செகுண்டஸ்தான் அவர்களுடைய உண்மையான பயிற்சிக்களம். அதை வெளியுலகுக்குத் தெரியாமல் பேரரசர் காத்துவருகிறார். எனவேதான், அரக்கிஸ் பாலைக்கோளையும் சிறைக்கோளாக்கலாமே என்று ஒரு பிரபு போகிறபோக்கில் சொன்னதும் அரண்மனை கலங்குகிறது. ஆனால் கொடிய நிலம் மட்டும் அவர்களை உருவாக்கவில்லை. பிழைத்து வந்தவர்களிடம் நீங்கள் மற்றவர்களைவிட உயர்ந்தவர்கள் என்ற எண்ணம் ஊட்டப்படுகிறது. சேர்ந்து துன்பப்பட்டவர்கள் என்ற உறவு வளர்க்கப்படுகிறது. கடைசிச் சிப்பாய்க்கும் பிரபுக்களுக்கு நிகரான வசதி கிடைக்கிறது. இந்தக் கலவையை ஹெர்பர்ட் மிகக் கவனமாகப் பிரித்துக் காட்டுகிறார்.

அத்தகைய படைக்கு என்ன ஆகிறது? சிறைபிடித்து விசாரிப்பதற்காக அரக்கிஸின் பாலைவனக் குடியிருப்பு ஒன்றுக்கு ஐந்து கலங்களில் அனுப்பப்பட்ட சர்தௌகர்கள், ஒரே ஒரு கலத்தில் மூன்று கைதிகளோடு தப்பி வருகிறார்கள். அவர்களை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். இதைப் பேரரசரே தம் வாயால் சொல்லும் காட்சி நாவலில் வருகிறது. பாலைவன மக்களான ஃப்ரெமன்களின் வாழ்க்கையும் கடினமானதே. ஆனால் அந்தக் கடினத்தை அவர்கள்மீது யாரும் திட்டமிட்டுச் சுமத்தவில்லை. இறந்தவரின் உடல்நீர்கூடக் குலத்துக்கே சேரும் என்னும் அளவுக்கு அவர்கள் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டு வாழ்கிறார்கள். காப்பதற்கு அவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது. சர்தௌகர்களுக்கு ஓர் எசமானர் மட்டுமே இருந்தார்.

நம் பழைய உரையாசிரியர்கள் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை என்று தொடங்கி ஆறு வகையாகப் பிரித்து, வழிவழியாக வரும் மூலப்படையையே சிறந்ததென்றார்கள். ஆனால் மூலப்படையும் தேயும். ஒட்டோமன் பேரரசு பால்கன் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களை எடுத்து, மொழியும் உழைப்பும் பழகத் துருக்கிய உழவர் வீடுகளில் சில ஆண்டுகள் விட்டு, பிறகு ஜானிசரி படையில் சேர்த்தது. தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்து எழுப்பிய படை அது. அதன் வெற்றிகளைப் படிக்கும்போது அந்தத் தாய்மாரையும் மறக்காமல் நினைக்க வேண்டும். காலப்போக்கில் ஜானிசரிகள் மணம் புரிந்தார்கள், தொழில் செய்தார்கள், தம் பிள்ளைகளுக்கே படையில் இடம் தேடினார்கள், சுல்தான்களையே மிரட்டினார்கள். இறுதியில் 1826-இல் இரண்டாம் மஹ்மூத் அவர்களுடைய படைவீடுகளைப் பீரங்கியால் தகர்த்து அந்தப் படையையே ஒழித்தார். சர்தௌகர்களின் வலிமையும் மிதமிஞ்சிய தன்னம்பிக்கையால் கரைந்துவிட்டிருந்தது என்று ஹெர்பர்ட் எழுதுவதை இந்த வரலாற்றுக்கு அருகில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: உண்மையில் போருக்குச் சென்றுவந்தவர்கள் விண்வெளிப் பயிற்சி முகாமை எப்படி எழுதுகிறார்கள்? (மதுரை வாசகி)

பதில்: ஹைன்லைன் 1929-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் தேறி அதிகாரியானவர், காசநோயால் 1934-இல் ஓய்வளிக்கப்பட்டதால் அவர் போர் காணவில்லை. 'த ஃபாரெவர் வார்' நாவலை எழுதிய ஜோ ஹால்ட்மன் இயற்பியலும் வானியலும் படித்தவர். கட்டாயப் படைச்சேர்க்கையில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டுப் படுகாயமுற்றார். 1974-இல் வந்த அவருடைய நாவலில் மிகக் கூரிய அறிவுடைய இளைஞர்களும் இளம்பெண்களும் சட்டத்தால் பிடித்துச் சேர்க்கப்படுகிறார்கள். புளூட்டோவுக்கு அப்பாலுள்ள கேரன் என்னும் கற்பனைக் கோளில் அவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. (புளூட்டோவின் துணைக்கோள் கண்டறியப்பட்டதே 1978-இல்தான்; அதன் பிறகே அது இதே பெயரைப் பெற்றது.) அங்கே வீரனைக் கொல்ல எதிரி தேவையில்லை. கவச உடையின் சூடான பின்பகுதி உறைந்த வாயுப் பனியில் பட்டாலே வெடித்துவிடும். ஆகையால் வழுக்கி மல்லாந்து விழுவதுகூட மரணம்தான். இயற்பியல் படிக்கும் திருநெல்வேலி வாசகி இந்த அத்தியாயங்களை அவசியம் படிக்க வேண்டும்.

என்னை அதிகம் பாதித்தது வேறொரு பகுதி. வீரர்களின் மனத்தில் மனவசியத்தின் மூலம் வெறுப்பு முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கிறது. சண்டை தொடங்கும் நேரத்தில் ஒரு தொடர் உச்சரிக்கப்பட்டதும், எதிரிகள் செய்ததாகச் சொல்லப்படும் கொடுமைகள் அவர்கள் கண்முன் விரிகின்றன. அவை பொய் என்று கதைநாயகன் மண்டெல்லாவுக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தும் அவனுடைய உடல் கொல்லத் துடிக்கிறது. மூளையில் ஏற்றிவிடலாமே என்ற முதல் கேள்விக்கு, போர்க்களத்திலிருந்து திரும்பிய ஒருவர் எழுதிவைத்த பதில் இது.

கேள்வி: முகாமை விட்டு ஓடிவிட நினைக்கும் வீரனை எது நிறுத்துகிறது? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: ஹைன்லைனின் முகாமில் யாரும் ஓடவேண்டிய தேவையில்லை. விலகுகிறேன் என்று சொல்லிக் கையெழுத்திட்டால் போதும். படைப்பணியால் கிடைக்கும் வாக்குரிமையைப் பெறும் வாய்ப்பை மட்டும் வாழ்நாள் முழுவதும் இழக்க நேரும். சவுக்கடித் தண்டனையைக் கண்ட பிறகு ரிக்கோ அந்த முடிவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறான். அப்போது பள்ளியில் அவனுக்குப் பாடம் எடுத்த ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. வகுப்பில் அவனைக் கடுமையாகவே நடத்திய அந்த மனிதர், தாமும் ஒரு காலத்தில் இதே காலாட்படையில் இருந்தவர் என்பதை அதில் வெளிப்படுத்தி, நீ இப்போது கடந்துகொண்டிருப்பதுதான் உன் பணிக்காலத்தின் மிகக் கடினமான பகுதி என்று எழுதியிருக்கிறார். அதன்பின் நெடுநடை ஒன்றின்போது, முதுகுச்சுமை அழுத்துவதை மறந்து தான் இயல்பாக நடந்துகொண்டிருப்பதை ரிக்கோ உணர்கிறான்.