கபாபிளாங்காவுக்கு ஏன் மறுஆட்டம் கிடைக்கவில்லை? – கேள்வி பதில்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நடந்த செஸ் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: 1921 முதல் உலக சாம்பியனாக இருந்த கியூபாக்காரர் கபாபிளாங்கா, 1927இல் ரஷ்யாவில் பிறந்த அலெகினிடம் பட்டத்தை இழந்தார், அதைத் திரும்பப் பிடிக்க மறுஆட்டம் கிடைக்கவேயில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: எந்த ஊர், எந்த வருஷம், எதிராளி யார் என்ற மூன்றும் இல்லாமல் ஃபார்வர்டில் வரும் செஸ் கதைகளை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அதுவரை கபாபிளாங்காவை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காத அலெகின், 1927இல் அவரை எப்படி வீழ்த்தினார்? (திருச்சி நண்பர்)

அவரை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை என்பது உண்மைதான். அந்த வருஷ ஆரம்பத்தில் நியூயார்க்கில் கபாபிளாங்கா முதலிடம், அலெகின் இரண்டாமிடம். ஆனால் அந்த ஆட்டங்களையெல்லாம் அலெகின் பிரித்து மேய்ந்தார். எல்லாம் சுலபமாக வருகிற மனிதர் கபாபிளாங்கா, கண்ணுக்குப் பட்டதை நம்பி ஆடிவிடுகிறார், ஆழமாகக் கணக்குப் போடுவதில்லை என்று கண்டுகொண்டார்.

செப்டம்பரில் பியூனோஸ் ஐரிஸில் முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களோடு, பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தை ஆடி ஜெயித்தார். மொத்தம் 34 ஆட்டங்கள், அதில் 32இல் குயின்ஸ் கேம்பிட் மறுப்பு என்ற ஒரே தொடக்கம். பார்ப்பவனுக்குத் தூக்கம் வந்திருக்கும், ஆனால் பார்க்க யாரையும் உள்ளே விடவில்லை! முதலில் ஆறு வெற்றி எடுப்பவர் சாம்பியன், டிராவுக்குக் கணக்கில்லை. முடிவு 6–3, டிரா 25. கடைசி ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் யானை மிச்சம், அலெகினுக்கு மட்டும் ஓரத்துச் சிப்பாய் ஒன்று கூடுதல். அதை வைத்துக்கொண்டு 82 நகர்த்தல்வரை இழுத்தார். ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோது கபாபிளாங்கா நேரில் வரவில்லை, கடிதம் எழுதித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கார்ல்சனும் கபாபிளாங்காவும் இன்று ஆடினால்? (கோவை மாணவர்)

நம் காலத்து நார்வே ஆட்டக்காரர் கார்ல்சன்தான். நூறு வருஷத்து ஆட்டங்களைப் படித்தவர் அவர். 1921 கபாபிளாங்காவுக்கு இன்றைய கம்ப்யூட்டரோடு ஒரு வருஷம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ரெட்டி என்றொரு பெரிய ஆட்டக்காரர் இருந்தாராமே, ஆந்திராவா?

நெல்லூர் இல்லை தம்பி! ரிச்சர்ட் ரேட்டி, இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். 1924 நியூயார்க்கில் கபாபிளாங்காவைத் தோற்கடித்தார். அதற்கு முன் எட்டு வருஷம் கபாபிளாங்கா தோற்றதே கிடையாது.

மீர் சுல்தான் கான் எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்கிறார்களே? (கொழும்பு அன்பர்)

இந்த வர்ணனையைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். பஞ்சாப் நிலப்பிரபு சர் உமர் ஹயாத் கானோடு லண்டன் போனார் என்பது சரி. வேலைக்காரர் என்ற சித்திரத்தை அவர் குடும்பத்தாரே மறுக்கிறார்கள். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பஞ்சாபில் கற்ற நாட்டு ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் கிடையாது. அப்படிப் பழகியவர் 1929, 1932, 1933 மூன்று வருஷமும் பிரிட்டிஷ் சாம்பியன். 1930 டிசம்பரில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வெள்ளைக் காய்களோடு கபாபிளாங்காவை 65 நகர்த்தலில் மடக்கினார். ஓப்பனிங்கில் தடுமாறுவார், காய்கள் குறையக் குறையப் பலம் ஏறும். 1933 கடைசியில் ஊர் திரும்பியவர் அப்புறம் ஐரோப்பாவுக்குப் போய் ஆடவேயில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல், அவர் இறந்து 58 வருஷம் கழித்து.

நிம்சோவிச் என்ற ஆட்டக்காரர், எதிராளி பற்ற வைக்காத சுருட்டை வைத்திருந்ததற்கே புகார் செய்து, "செஸ்ஸில் செய்வதைவிட மிரட்டல்தான் பெரிது" என்றாராமே… உண்மையா?

முதல் பத்தியைப் படியுங்கள். ஒருவர் எதிராளி லாஸ்கர் என்கிறார், இன்னொருவர் விட்மர் என்கிறார்.

கபாபிளாங்கா, கார்ல்சன், யார்…?

மேலே.

அலெகின் பயந்துபோய்த்தான் மறுஆட்டம் தரவில்லை, ஒத்துக்கொள்ளுங்கள் சார். (மதுரை வாசகர்)

ஒத்துக்கொள்ள மாட்டேன். 1922இல் லண்டனில் சாம்பியன் கபாபிளாங்கா முன்வைத்த விதிகளில் முன்னணி ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். 10,000 டாலருக்குக் குறைந்த பணமுடிப்புக்கு சாம்பியன் ஆட வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. மொத்தத்தில் 20 சதவீதம் சாம்பியனுக்குத் தனிக் கட்டணம். மிச்சத்தில் ஜெயித்தவருக்கு 60, தோற்றவருக்கு 40. நீங்களே கணக்குப் போடுங்கள். 10,000இல் முதல் 2,000 சாம்பியனுக்கு. மீதி 8,000இல் ஜெயித்தவருக்கு 4,800, தோற்றவருக்கு 3,200. சாம்பியன் தோற்றாலும் 5,200 டாலரோடு வீட்டுக்குப் போவார், வென்றவருக்கு 4,800! நிம்சோவிச் சவால் விட்டும் பணம் புரட்ட முடியவில்லை. தான் கட்டிய மதிலுக்கு வெளியே 1927இல் கபாபிளாங்காவே நின்றார். 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தபிறகு அவ்வளவு பணம் யார் தருவார்?

அப்படியானால் 1929இல் அலெகினோடு பட்டத்துக்கு ஆடிய போகல்யூபோவுக்கு மட்டும் அந்த 10,000 ஏன் தளர்ந்தது? (அதே மதுரை வாசகர்)

நல்ல அடி. இதற்கு என்னிடம் பதிலே இல்லை என்று நினைக்காதீர்கள், பாதிப் பதில் இருக்கிறது. 1934இலும் அலெகின் பட்டத்துக்கு அதே போகல்யூபோவோடுதான் ஆடினார். அவரை வெல்லலாம் என்று அலெகினுக்குத் தெரியும். சரி, தேர்ந்தெடுத்தார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பயம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 1930 சான் ரெமோ போட்டியில் 15 ஆட்டத்தில் 14 புள்ளி, அடுத்த வருஷம் பிளெட்டில் இரண்டாமவரைவிட ஐந்தரைப் புள்ளி முன்னால். அந்த வருஷங்களில் அவர் யாருக்குப் பயப்பட வேண்டும்?

நெதர்லாந்தின் யூவே 1935இல் அலெகினை ஜெயித்துச் சாம்பியன் ஆனார், கேட்டவுடன் 1937இல் மறுஆட்டம் கொடுத்தார். பெருந்தன்மை என்றால் அதுதானே? (சேலம் ஆசிரியை)

ஆமாம் அம்மா. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். கணக்கு வாத்தியார், செஸ்ஸை நம்பிப் பிழைப்பு நடத்தாதவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டத்தை 1937இல் திரும்பத் தோற்றார்.

1936 நாட்டிங்ஹாமில் அலெகினைக் கபாபிளாங்கா அடித்தாரே, அது கணக்கில் வராதா? (மதுரை, மூன்றாம் முறை)

வரும். ஒரு ஆட்டம் என்று வரும். 1938இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் அலெகின் திருப்பி அடித்ததும் வரும். அந்தப் போட்டி நடக்கும்போதே கபாபிளாங்காவுக்கு 50 வயது நிறைந்தது. எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தார். ஐயா, இனி மதுரையிலிருந்து வேறு விஷயம் கேளுங்கள்.

அப்போது அலெகினின் ரேட்டிங் எவ்வளவு?

அப்போது ரேட்டிங்கே கிடையாது. எலோ என்ற ரேட்டிங் முறையை ஃபிடே ஏற்றது 1970இல்.

கார்ல்சன்…

வேண்டாம்.

பெண்கள் யாரும் ஆடவில்லையா அண்ணா? (கல்லூரி மாணவி, நெல்லை)

இவ்வளவு நேரம் இதற்காகத்தான் காத்திருந்தேன். வேரா மென்சிக், மாஸ்கோவில் பிறந்தவர். 1927இல் லண்டனில் முதல் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். 1929 கார்ல்ஸ்பாட் போட்டிக்கு ஆண்களோடு ஆட வந்தபோது, வியன்னாக்காரர் பெக்கர் கிண்டலடித்தார். இவளிடம் தோற்பவர்களை 'வேரா மென்சிக் கழக'த்தில் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்றார். முதல் உறுப்பினர் பெக்கரேதான்! மென்சிக் அந்தப் போட்டியில் 21 ஆட்டத்தில் மூன்று புள்ளியோடு கடைசி இடம். ஆனால் கழகத்துக்கு ஆள் சேர்வது நிற்கவில்லை. பிற்காலத்தில் உலக சாம்பியனான யூவே ஹேஸ்டிங்ஸில் இரண்டு முறை தோற்று இரண்டு முறை சேர்ந்தார், நம் சுல்தான் கானும் உறுப்பினர்.

1944 ஜூனில் லண்டனில் அவர்கள் வீட்டின்மேல் ஜெர்மன் வி-1 குண்டு விழுந்தது. அம்மா, தங்கை, வேரா மூவரும் அதில் போனார்கள். அன்றைக்கும் மகளிர் சாம்பியன் அவர்தான்.