தொண்டையில் வலிக்காத கட்டி

கேள்வி: வயது 36. சளி, இருமல் தணிந்தபின் கண்ணாடியில் பார்த்தபோது, உள்நாக்குக்குப் பின்னால் தொண்டைச் சுவரில் மிளகு அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு கட்டி தெரிந்தது. பத்து நாளாகிறது, வலியே இல்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: நீங்கள் சொல்லும் இடம், அளவு, நிறம் மூன்றையும் பார்த்தால் அது நிணநீர்த் திசுவின் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டான்சிலில் உள்ள அதே வகைத் திசு தொண்டையின் பின்சுவரிலும் சிறு சிறு திட்டுகளாக இருக்கிறது. சளி பிடித்தால் புடைக்கும். வற்றச் சில வாரங்கள் ஆகும். மூக்குச் சளி பின்பக்கமாக வடிந்துகொண்டே இருந்தாலோ, வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறினாலோ வற்றாமல் நிற்கும். அப்போது கவனிக்க வேண்டியது அலர்ஜியையும் நெஞ்செரிச்சலையும்தான். (அடிநாக்கில் வரிசையாகத் தெரியும் 8 முதல் 12 மொட்டுகள் இயல்பானவை. அவற்றைக் கண்டு பயந்து வருபவர்கள் நிறைய.)

விரலாலோ பட்ஸாலோ தொட்டுப் பார்க்காதீர்கள். குமட்டும், உரசி மேலும் வீங்கும். வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், 'ஆ' என்று சொல்லியபடி செல்போனில் படம் எடுத்து ஒப்பிட்டாலே போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் உறுத்தல் குறையும், கட்டி கரையாது. ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஆனால் 'வலி இல்லை' என்பதை மட்டும் நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். தொண்டைப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். மூன்று வாரத்துக்குமேல் நீடித்தால், வளர்ந்தால், கெட்டியாகவோ புண்ணாகவோ மாறினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாவது, கழுத்தில் நெறிகட்டுவது, காதில் கோளாறு இல்லாமலே ஒரு காது வலிப்பது, எச்சிலில் ரத்தம், விழுங்கச் சிரமம், குரல் கம்முவது இவையும் அப்படித்தான். மூச்சுத் திணறினாலோ எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

புகையிலை, பான் மசாலா, சிகரெட், மதுப் பழக்கத்தை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். மரத்துப்போக மருந்து தெளித்து, மூக்கு வழியே மெல்லிய கேமரா குழாயைவிட்டுச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் மட்டுமே சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.