ஆம்பூர் எந்த மாவட்டம்? (கடிதம்)

வணக்கம் சார்,

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதுகிறேன். எங்களுக்குத் தோல் தரும் ஷாப்களின் லாட், பாக்கி விவரங்களை மைக்ரோசாஃப்டின் கிளவுட் டேட்டாபேஸான அஷ்யூர் காஸ்மாஸ் டிபியில் வைத்து, ஸ்பிரிங் டேட்டா லைப்ரரி மூலம் ஜாவா ஆப்ஜெக்டுகளாக எடுத்து, பதிலுக்காகக் காத்து நிற்காத ‘ரியாக்டிவ்’ பாணிக்கான ரியாக்டர் லைப்ரரியில் எழுதத் திட்டம். ஜாவா 21இல், காத்து நின்றாலும் செலவு குறைவான விர்ச்சுவல் த்ரெட் வந்தபிறகு ரியாக்டிவ் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். எது சரி? பார்ட்டிஷன் கீயாக, அதாவது எந்தப் பதிவு எந்தப் பகுதியில் சேரும் என்று தீர்மானிக்கும் ஃபீல்டாக, மாவட்டத்தை வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

ரியாக்டிவா விர்ச்சுவல் த்ரெட்டா என்பதை உங்கள் குழுவிலேயே பேசி முடியுங்கள். உங்கள் அலுவலகத் திரைக்கு எதுவும் தாங்கும். ரியாக்டிவ் என்றால் நடுவில் பிளாக் போட்டு த்ரெட்டைக் காக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது.

மாவட்டத்தையா கீயாக வைப்பது? அதுவும் ஆம்பூரில் இருந்துகொண்டு? 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்கு. என் பெரியப்பா கடைசிவரை கடித உறையில் ‘வட ஆற்காடு’ என்றே எழுதினார். தபால்காரருக்கு ஊர் தெரியும், கடிதம் போய்ச் சேர்ந்தது. டேட்டாபேஸுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் மாவட்டம் பிரிந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஷாப்பின் ஆப்ஜெக்டை எடுத்து, மாவட்டத்தைத் திருப்பத்தூர் என்று மாற்றி, சேவ் கொடுத்தார்கள். ஒரு பிழையும் வரவில்லை. காஸ்மாஸில் ஐடி அந்தந்த லாஜிக்கல் பார்ட்டிஷனுக்குள் (ஒரே கீ மதிப்புள்ள ஆவணங்களின் தொகுப்புக்குள்) மட்டும்தான் தனித்துவமானது. இருக்கிற ஆவணத்தின் கீ மதிப்பை மாற்றவும் முடியாது. அதனால் திருப்பத்தூரில் புதிய ஆவணம் ஒன்று உருவானது, வேலூரில் பழையது அப்படியே நின்றது. பழையதை அழிக்க டெலிட் எழுதித்தான் இருந்தார்கள். அது தந்தது மோனோ, அதாவது இனிமேல் நடக்கவேண்டிய வேலைக்கான ரியாக்டர் ஆப்ஜெக்ட். அதை யாரும் சப்ஸ்கிரைப் செய்து ஓடவிடவில்லை. சப்ஸ்கிரைப் ஆகாத மோனோ வேலையும் செய்யாது, புகாரும் சொல்லாது. கொடுத்த பணம் புதியதில் கழிந்தது, பழையதில் பாக்கியாகவே நின்றது. வயதான கணக்கர் ஒருவர் இரண்டு பிரிண்ட் அவுட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லாட் லாட்டாகச் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆப்ஜெக்ட் மேப்பிங் வசதியானதுதான். ஆனால் கீயையும் மற்ற ஃபீல்டுகளைப் போலவே காட்டிவிடுகிறது. அந்த ஃபீல்டை ஒருமுறை வைத்தால் மாறாதபடி ஃபைனல் ஆக்குங்கள், மதிப்பை மாற்றும் செட்டர் எழுதவே எழுதாதீர்கள்.

ஷாப்பின் ஐடியையே கீயாக வையுங்கள். லாட்டும் பாக்கியும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், லாட் பதிவையும் பாக்கி மாற்றத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனல் பேட்சில் எழுதலாம்: இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. பார்ட்டிஷன் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனுக்கு 20 ஜிபி வரை இடமுண்டு, ஒரு ஷாப்புக்கு அது தாராளம். மாவட்டவாரி அறிக்கை மாதக் கடைசியில் யாராவது கேட்டால், எல்லாப் பார்ட்டிஷனிலும் தேடட்டும். கொஞ்சம் கூடுதல் செலவு, போகட்டும்.

ஆவணங்கள் இப்போது இருக்கிற கன்டெய்னரில் கீயை மாற்ற முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். இரண்டிலும் எண்ணிக்கை சரிபார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

அதற்கு முன் உங்கள் கணக்குப் பிரிவில் ஒரு நாள் உட்காருங்கள். ஷாப் பெயரைச் சொல்லித் தேடுவார்கள், லாட் நம்பரைச் சொல்லித் தேடுவார்கள். மாவட்டத்தைச் சொல்லித் தேடுகிறவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.